ஒன்றாம் தேதி நூல் விலை: திருப்பூரில் சில்லோர் முற்றுரிமையைக் கற்பிப்பது

மாதம் பிறந்தால் திருப்பூர் முதலில் கேட்பது நூல் விலையைத்தான். கிலோவுக்கு இவ்வளவு ஏற்றம், இவ்வளவு இறக்கம், அல்லது மாற்றமில்லை என்று நூற்பாலைகள் அறிவிக்கும். 2021 நவம்பரில் ஒரேயடியாக 50 ரூபாய் ஏறியது. அந்த மாதம் 26-ஆம் தேதி பனியன் கம்பெனிகள் அடைக்கப்பட்டன. 2022 மே மாதம் மறுபடி 40 ரூபாய். 16, 17 தேதிகளில் இரண்டு நாள் வேலைநிறுத்தம். ஒரு கிலோ துணியில் ஏறத்தாழ ஐந்து டி-சர்ட் வரும் என்று வைத்துக்கொண்டால், 50 ரூபாய் ஏற்றம் என்பது சட்டைக்குப் பத்து ரூபாய். சில மாதங்களுக்கு முன்பே விலை பேசி ஆர்டர் எடுத்தவருக்கு அந்தப் பத்து ரூபாயில் லாபம் முழுவதும் போய்விடலாம்.

இத்தனை ஆலைகள் ஒரே நாளில் ஒரே அளவுக்கு விலையை ஏற்றுகின்றனவே, பேசி வைத்துக்கொண்டு செய்கின்றனவா? பேசாமலேயே இப்படி நடக்குமா? போட்டி இருந்தாலும் இப்படித்தான் நடக்குமா? விற்போர் சிலரே இருக்கும் சந்தையைப் பற்றிய சில்லோர் முற்றுரிமைப் பாடத்தின் முழுக் கனமும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கும். டீக்கடையில் தினமும் அடிபடும் இந்தக் கேள்விகள் வகுப்பறைக்குள் மட்டும் வருவதில்லை. பிளஸ் ஒன்னிலும் பி.ஏ. பொருளியலிலும் இந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். விற்போர் சிலர், ஒருவரையொருவர் சார்ந்திருத்தல், விளம்பரம், நுழைவுத் தடை, விலை இறுக்கம் என்று இயல்புகளின் பட்டியல் ஒன்று. பிறகு முறிந்த தேவைக்கோட்டின் படம். உதாரணத்துக்குக் கார், சிமெண்ட், குளிர்பானம். படம் சரியாக இருந்தால் மதிப்பெண். பாடம் முடிந்தது.

படத்திலிருந்தே தொடங்கலாம். முறிந்த தேவைக்கோட்டை 1939-இல் அமெரிக்காவில் பால் ஸ்வீசியும், அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஹால், ஹிட்ச் இருவரும் முன்வைத்தார்கள். நான் விலையைக் குறைத்தால் போட்டியாளரும் குறைப்பார், நான் ஏற்றினால் அவர் ஏற்ற மாட்டார். ஆகவே விலை நின்ற இடத்திலேயே நிற்கும் என்பது வாதம். ஜார்ஜ் ஸ்டிக்லர் 1947-இல் பல தொழில்களின் விலைப் பட்டியல்களைப் புரட்டிப் பார்த்து, இதற்குச் சான்றில்லை என்று எழுதினார். அந்த விலை முதலில் அங்கே எப்படி வந்தது என்பதற்கும் இக்கோட்பாட்டில் பதில் இல்லை. அதெல்லாம் பழைய அமெரிக்கக் கதை என்று தள்ளினாலும், ஒன்றாம் தேதி நூல் விலை கண்முன்னால் இருக்கிறதே. இங்கே ஒருவர் ஏற்றினால் மற்றவரும் ஏற்றுகிறார். பஞ்சு விலை எல்லோருக்கும் ஒன்றாக ஏறும்போது கோட்பாட்டின் எடுகோளே மாறிவிடுகிறது என்று ஸ்வீசியின் சார்பில் ஒருவர் வாதாடலாம். வாதாடட்டும். ஆனால் தன் ஊரில் மாதாமாதம் நடப்பதை விளக்காத ஒரு படத்துக்கு மாணவர் ஏன் பத்து மதிப்பெண் அளவுக்கு உழைக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் பதில் இருக்காது. என் கருத்தில் இந்தப் பாடத்திலிருந்து முதலில் நீக்க வேண்டியது அந்தப் படம்தான். வரலாற்றுக் குறிப்பாக ஒரு பத்தி போதும்.

அதை நீக்கினால் கிடைக்கும் இடத்தில் பழையவரான கூர்னோவை உட்கார வைக்கலாம். 1838-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கூர்னோ, கனிம நீர் ஊற்று வைத்திருக்கும் இருவரைக் கற்பனை செய்தார். இருவரும் எவ்வளவு விற்பது என்று தனித்தனியே முடிவு செய்கிறார்கள். மொத்த அளவு விலையைத் தீர்மானிக்கிறது. 1883-இல் ஜோசப் பெர்ட்ராண்ட் இதை மறுத்தார். வியாபாரி முடிவு செய்வது அளவையா, விலையையா? விலையை என்றால், ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டே போய் இருவர் மட்டும் இருந்தாலும் விலை அடக்கச் செலவுக்கு வந்துவிடும் என்றார். 1897-இல் எட்ஜ்வொர்த் ஒரு திருத்தம் சொன்னார்: இருவருக்கும் உற்பத்தித் திறனுக்கு வரம்பு உண்டானால் விலை அவ்வளவு தூரம் விழாது. நெடுநாள் கழித்து 1983-இல் கிரெப்ஸ், ஷைங்க்மன் இருவரும் மூன்றையும் இணைத்தார்கள். முதலில் திறனை நிறுவிவிட்டுப் பிறகு விலையில் மோதிக்கொண்டால், அவர்கள் வகுத்த நிபந்தனைகளின்கீழ், முடிவு கூர்னோ சொன்ன இடத்துக்கே வந்து சேரும் என்று காட்டினார்கள். யார் முதலில் நகர்கிறார் என்பதை 1934-இல் ஸ்டாக்கெல்பெர்க் சேர்த்தார். விற்போர் பேசி வைத்துக்கொள்ளும் கூட்டு ஏன் உடைகிறது, ஏமாற்றுபவரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை 1964-இல் ஸ்டிக்லர் சேர்த்தார். நாஷ் கொடுத்த சமநிலை இவை அனைத்துக்கும் பொதுமொழியானது. இந்த வரிசையைப் பெயர்ப் பட்டியலாக நடத்தினால் மாணவருக்குத் தூக்கம்தான் வரும். எதை முடிவு செய்கிறார்கள், எதற்கு வரம்பு இருக்கிறது, யாருக்கு எது தெரியும் என்ற மூன்று கேள்விகளாக நடத்தினால் திருப்பூர் தானாகவே உள்ளே வரும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஊரில் இரண்டே சாயப்பட்டறைகள் என்று கொள்வோம். சாயக்கூலி கிலோவுக்கு 100 ரூபாயில் தொடங்கி, சந்தைக்கு வரும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு ரூபாய் வீதம் இறங்கும். அடக்கச் செலவு கிலோவுக்கு 40. இருவரும் ஒரே முதலாளியைப் போலக் கூடிச் செயல்பட்டால் ஆளுக்கு 15 டன், கூலி 70 ரூபாய், லாபம் ஆளுக்கு நாலரை லட்சம். கூட்டு இல்லாமல் கூர்னோ முறையில் முடிவு செய்தால் ஆளுக்கு 20 டன், கூலி 60, லாபம் நான்கு லட்சம். கூட்டு நல்லதுதானே, ஏன் உடைகிறது? ஒருவர் வாக்குப்படி 15 டன்னில் நிற்கும்போது மற்றவர் இரவோடு இரவாக 22.5 டன் ஓட்டினால், கூலி 62.50-க்கு இறங்கும். ஏமாற்றியவருக்கு லாபம் ஐந்து லட்சத்து ஆறாயிரத்துச் சொச்சம், வாக்கைக் காத்தவருக்கு மூன்று லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. இதற்கு வகைநுண்கணிதம் வேண்டாம். காகிதமும் பென்சிலும் போதும். வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்துச் சீட்டில் அளவை எழுதச் சொல்லிப் பத்துச் சுற்று நடத்தினால், சொல்லிக் கொடுக்காமலேயே கூட்டு அமைவதையும் உடைவதையும் மாணவர்கள் தாங்களே செய்து காட்டிவிடுவார்கள்.

வகுப்பறைப் பரிசோதனை புதிதல்ல. சேம்பர்லின் 1948-இலேயே ஹார்வர்டு மாணவர்களை வைத்துச் செயற்கைச் சந்தை நடத்தி எழுதினார். ஃபௌரேக்கரும் சீகலும் 1963-இல் இருவர் சந்தையைச் சோதனை முறையில் ஆராய்ந்தார்கள். 2004-இல் ஹுக், நோர்மன், ஓக்ஸ்லர் மூவரும் எத்தனை பேர் இருந்தால் ‘சிலர்’ என்று சோதித்தார்கள். இருவர் இருக்கும்போது சில சமயம் கூட்டு பிடிக்கிறது. நான்கு பேர் ஆனதும் பெரும்பாலும் பிடிப்பதில்லை. சங்கக் கூட்டத்தில் நூறு பேர் கைதூக்கி ஏற்றுக்கொண்ட கூலி ஏன் அடுத்த வாரமே தனித்தனி பேரத்தில் இளகுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

வகுப்பறைக்கு வெளியே ஒரு பாடநூலும் இருக்கிறது. அது காஸ்டிங் ஷீட். ஒரு டி-சர்ட்டுக்கு நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், வேஸ்டேஜ், கட்டிங், தையல், பிரிண்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங், பட்டன், லேபிள் என்று வரிசையாகச் செலவு போட்டுக் கடைசியில் லாபம் வைக்கும் தாள். தொழிலதிபர்கள் விளிம்புநிலை வருவாயையெல்லாம் பார்ப்பதில்லை, செலவோடு ஒரு லாபத்தைச் சேர்த்து விலை போடுகிறார்கள் என்று ஹால், ஹிட்ச் எழுதியதற்குத் திருப்பூரே சாட்சி. ஆனால் அந்தத் தாளை வேறு விதமாகவும் படிக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதை விற்பவர் உலகத்தில் எத்தனை பேர் என்று எழுதச் சொல்லுங்கள். வட்டப்பின்னல் இயந்திரத்தின் நல்ல ரகங்கள் ஜெர்மனி, ஜப்பான், தைவானின் ஒருசில கம்பெனிகளிடமிருந்து வருகின்றன. பின்னல் ஊசி என்றால் க்ரோஸ்-பெக்கர்ட் பெயர் முன்னால் வரும். தையல் இயந்திரத்துக்கு ஜுகி, பிரதர், பெகாசஸ், யமாட்டோ. ஜிப் என்றால் ஒய்.கே.கே. தையல் நூலில் மதுரையில் வேரூன்றிய மதுரா கோட்ஸ் போன்ற ஓரிரு பெரிய பெயர்கள். போதாக்குறைக்கு, லேபிளையும் பட்டனையும் யாரிடம் வாங்க வேண்டும் என்று ஆடையை வாங்கும் பையரே ‘நாமினேட்’ செய்துவிடுகிறார்; அங்கே ஏற்றுமதியாளருக்குப் பேரமே இல்லை. தாளின் நடுப்பகுதிக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். நிட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங் ஆகியவற்றில் ஆட்கள் நிறைய, நுழைவும் எளிது. நாலு மெஷின் போட்டால் ஜாப் ஒர்க் எடுக்கலாம். தாளின் கடைசி வரியில், வாங்குபவர் பக்கம், மறுபடி சிலர்.

ஆக, மேலே சிலர், கீழே சிலர், இடையில் பலர் என்பதே இந்த ஊரின் சந்தை அமைப்பு. எந்தப் பெட்டியில் திருப்பூரைப் போடுவது என்று கேட்டால் எந்த ஒரு பெட்டியிலும் போட முடியாது. நிறைவுப் போட்டி, முற்றுரிமைப் போட்டி, சில்லோர் முற்றுரிமை, முற்றுரிமை என்று நான்கு அத்தியாயங்களாகப் பிரித்து நடத்துவதால் வரும் கெடுதல் இதுதான்: ஒரு தொழில் முழுவதும் ஒரே வகையில்தான் அடங்கும் என்று மாணவர் நம்பிவிடுகிறார்.

சாயத்தை மட்டும் தனியே பார்க்க வேண்டும். நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகி, விவசாயிகள் வழக்குத் தொடர்ந்து, 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் ஓட்டலாம் என்ற நிலை வந்தது. அதற்கு முன்பு சாயப்பட்டறை வைக்கத் தொட்டியும் கொஞ்சம் முதலும் போதும். பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு வேண்டும். அந்த நிலையத்தின் கொள்ளளவுக்கு மேல் ஒரு லிட்டரும் ஓட்ட முடியாது. இது எட்ஜ்வொர்த் சொன்ன திறன் வரம்பு. அதை விதித்தது நீதிமன்றம். சுற்றுச்சூழலுக்காகப் போட்ட விதியே நுழைவுத் தடையாகவும் மாறியது. ஒருவர் கூலியை வெட்டி எல்லா வேலையையும் இழுத்துக்கொள்வது இனி முடியாது, ஏனென்றால் இழுத்ததை ஓட்ட நீர் அனுமதி இல்லை. சாயக்கூலி உயர்வைச் சங்கம் அறிவித்தால் அது நிட்டிங் கூலி அறிவிப்பைவிட நன்றாக நிற்பதற்கு ஒற்றுமை மட்டும் காரணமாக இருக்க முடியாது, வரம்பும் காரணம். விதி தவறு என்று நான் சொல்லவில்லை. நொய்யலைப் பார்த்தவர் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பொருளியல் மாணவர் இரண்டு விளைவுகளையும் சேர்த்தே பார்க்கப் பழக வேண்டும்.

ஏற்றுமதிப் பக்கம் இன்னொரு இயற்கைப் பரிசோதனை நடந்து முடிந்திருக்கிறது. 1974 முதல் 2004 இறுதி வரை பன்னாட்டு இழை ஒப்பந்தமும் அதைத் தொடர்ந்த ஏற்பாடும், எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று கோட்டா வைத்திருந்தன. 1978-இல் அமைக்கப்பட்ட ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் இங்கே கோட்டாவைப் பிரித்துக் கொடுத்தது. கோட்டாவுக்கே தனி விலை இருந்தது. சட்டை தைக்காமல் கோட்டாவை விற்றுச் சம்பாதித்தவர்களும் உண்டு. அளவுக்கு வெளியிலிருந்து பூட்டுப் போட்ட சந்தை அது, கூர்னோவின் உலகத்துக்கு நெருங்கியது. 2005 ஜனவரி 1-ஆம் தேதி பூட்டு திறந்தது. அளவு கட்டற்றுப் போனதும் போட்டி விலைக்கு மாறியது. ஒரே சாம்பிளை ஐந்தாறு கம்பெனிகளுக்கும், கூடவே வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அனுப்பி விலை கேட்பது பையர்களின் வழக்கமானது. ஒரு சென்ட், இரண்டு சென்ட் வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறும். பெர்ட்ராண்டைப் புரிய வைக்க இதைவிட நல்ல உதாரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். விலை ஏன் அடிமட்டம் வரை விழவில்லை என்பதற்கும் விடை ஊரிலேயே இருக்கிறது: மெஷின் எண்ணிக்கை வரம்பு, தரம், சொன்ன தேதியில் அனுப்பும் பெயர், தணிக்கைச் சான்றிதழ்கள்.

வாங்குவோர் சிலராக இருக்கும் சந்தையைப் பாடநூல்கள் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. திருப்பூருக்கு அதுதான் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும். ஒற்றை வாங்குவோர் சந்தையை ஜோன் ராபின்சன் 1933-இலேயே விரித்து எழுதியிருக்கிறார். 1952-இல் கால்பிரெய்த், ஒரு பக்கம் வலிமை சேர்ந்தால் எதிர்ப்பக்கமும் அணி திரளும் என்றார். 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கப்பட்டதை அந்தக் கண்ணோடும் பார்க்கலாம். கூலிப் பக்கமும் அப்படியே. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தமும், தொழிற்சங்கங்களும் உரிமையாளர் சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து போடும் கூலி ஒப்பந்தமும் இரு தரப்பும் அணி திரண்டதன் விளைவு. முதலாளிகள் கூலியை ஏற்றாமல் இருக்க எப்போதும் எங்கேயும் சத்தமில்லாமல் உடன்பட்டிருப்பார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே எழுதிவிட்டார். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்தச் சுமையில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். தேவை, அளிப்பு நெகிழ்ச்சி மட்டும் பார்த்தால் போதாது. மேசையின் எந்தப் பக்கத்தில் சிலர் என்பதையும் பார்க்க வேண்டும்.

திருப்பூரைப் பற்றிய ஆய்வுகள் குறைவல்ல. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் 1994-இல், இது மார்ஷல் சொன்ன தொழில் மாவட்டம் ஆகிவருகிறதா என்று கேட்டார்கள். பமேலா கவ்தார்ன் 1995-இல் சிறு கம்பெனிகளின் பின்னலை எழுதினார். ஷரத் சாரியின் 2004 நூல், தொழிலாளியாக வந்த கவுண்டர்கள் உடலுழைப்பையே மூலதனமாக்கி முதலாளிகளான கதையைச் சொன்னது. அதே ஆண்டு அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் கவுண்டர்களின் கம்பெனிகள் அதிக மூலதனத்தோடு தொடங்குகின்றன, வெளியாட்களின் கம்பெனிகளோ குறைந்த மூலதனத்தில் வேகமாக வளர்கின்றன என்று காட்டினார்கள். நுழைவுத் தடை என்பது சட்டமும் இயந்திரமும் மட்டுமல்ல, யாருக்கு யார் கடன் கொடுப்பார் என்பதும்தான் என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் இந்த ஆய்வுகளின் கவனம் உழைப்பு, சாதி, கடன், வலைப்பின்னல் மீது இருந்தது. நூல், சாயம், சாம்பிள் ஆகியவற்றின் விலை எப்படி நிர்ணயமாகிறது என்பது அவற்றின் மையக் கேள்வியாக இல்லை. பானர்ஜிக்கு நோபல் கிடைத்த பிறகாவது அந்தக் கட்டுரை இங்கே பாடமாகியிருக்கலாம் என்று ஓர் ஆதங்கம்.

இனி முதல் கேள்விக்குத் திரும்பலாம்: ஒன்றாம் தேதி நூல் விலை கூட்டா? ஐரோப்பாவில் இதே கேள்வி இரண்டு முறை நீதிமன்றம் போனது, முதல்முறை சாயத்தாலேயே. 1964, 1965, 1967 ஆண்டுகளில் சாயக் கம்பெனிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே அளவு விலை ஏற்றின. மூன்றாவது முறை, பாசலில் நடந்த கூட்டத்தில் கெய்கி கம்பெனி தான் ஏற்றப்போவதை முன்கூட்டியே சொன்னது, மற்றவையும் தொடர்ந்தன. 1972-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதை ஒத்திசைந்த நடத்தை என்று சொல்லி அபராதத்தை உறுதி செய்தது. அடுத்தது மரக்கூழ் வழக்கு. காலாண்டுக்கு ஒருமுறை விலையை முன்கூட்டி அறிவிக்கும் பழக்கம் அந்தத் தொழிலில் இருந்தது, நம் மாதாந்திர அறிவிப்பைப் போல. 1993-இல் அதே நீதிமன்றம், விலை ஒன்றாக நகர்ந்தது மட்டுமே சான்றாகாது, வேறு நியாயமான விளக்கம் இருக்கலாம் என்றது.

இந்தியச் சட்டமும் அந்த வழியில்தான். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு விலைக் கூட்டைத் தடுக்கிறது. 2012 ஜூனில் போட்டி ஆணையம், தமிழ்நாட்டின் இந்தியா சிமெண்ட்ஸ், மெட்ராஸ் சிமெண்ட்ஸ் உள்பட 11 கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்த உத்தரவு தீர்ப்பாயத்தில் ரத்தாகி, 2016-இல் மறுபடி விதிக்கப்பட்டு, 2018-இல் மேல்முறையீட்டிலும் நின்றது. சிமெண்டில் கம்பெனிகளைக் கைவிரலால் எண்ணலாம், சங்கம் வழியே தகவல் பரிமாறியதும் பேசப்பட்டது.

நூலுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. தமிழ்நாட்டில் நூற்பாலைகள் ஆயிரத்துக்கு மேல். எல்லோருக்கும் பொதுவான மூலப்பொருள் பஞ்சு. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டியின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, ஏறத்தாழ ஓராண்டில் இரட்டிப்பு. அப்படிப்பட்ட காலத்தில் போட்டி மிகுந்த சந்தையிலும் விலை ஒன்றாகத்தான் ஏறும். பெரிய ஆலைகள் சில முதலில் சொல்ல, மற்றவை அதைப் பார்த்துச் சொல்கின்றன என்று ஊரில் பேசிக்கொள்வது உண்மையானாலும், அது விலைத் தலைமை. அதை மட்டும் வைத்துச் சதி என்று சொல்லிவிட முடியாது. 2023 ஜூலையில் சிறு நூற்பாலைகள் நஷ்டம் தாளாமல் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தன. உறுதியான கூட்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த நிலை வருமா? வேலைநிறுத்த நாளில் இதைச் சொன்னால் அடி விழலாம். ஆனால் என் தீர்ப்பு இதுதான்: நூல் விலையில் கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமைக்கு முக்கியக் காரணம் பஞ்சு, இரண்டாவது காரணம் முன்கூட்டிய அறிவிப்பு. ஏறும்போது பஞ்சின் வேகத்திலும் இறங்கும்போது அதைவிட மெதுவாகவும் நூல் விலை நகர்கிறதா என்று மாதவாரியாக வரைந்து பார்த்தால் மிச்சச் சந்தேகத்துக்கும் விடை கிடைக்கும். பி.ஏ. இறுதியாண்டு மாணவர் ஒருவர் செய்யக்கூடிய திட்டப்பணி இது.

ஒரு வேடிக்கையோடு முடிக்கிறேன். அதே 3-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு, ஏற்றுமதிக்காக மட்டும் செய்துகொள்ளும் உடன்பாடுகளுக்கு விலக்கு அளிக்கிறது. அதாவது திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் கூடி, இன்ன சட்டைக்கு இன்ன விலைக்குக் கீழே பையருக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் இந்தியப் போட்டிச் சட்டம் அவர்களைத் தொடாது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் ஊர், சங்கமும் இருக்கிறது, சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. அப்படியும் அந்தக் குறைந்தபட்ச விலை ஏன் வரவில்லை என்று அடுத்த பருவத் தேர்வில் முறிந்த தேவைக்கோட்டுக்குப் பதிலாகப் பத்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள், ஆசிரியர்களே. பாரதியார் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு மனம் வைத்தால் ஒரு கூட்டத்தில் முடிந்துவிடும் வேலை அது.